ரூட்

எட்மன்டனில் வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு
கையுறை கழற்றாமலே பார்த்தேன்.
நாற்பது வீதம் சார்ஜோடு செத்திருந்தது போன்.

"ரூட் பண்ணிப் பார்" என்றான் சத்தியரூபன்,
கோப்பிக் கோப்பைக்குள் ஊதியபடி.
எனக்கு ரூட் என்றால்
மில்வுட்ஸில் தொடங்கி
பல்கலைக்கழகத்தில் திரும்புகிற ஒன்று.
அவன் சொன்னது வேர்.
தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி.
"பின்னால ஓடுறதையெல்லாம் நிப்பாட்டலாம்,
நளாயினி. போன் உன்னுடையதாகும்."

இருபத்துநான்கு மாதம் தவணை கட்டினது நான்.
அப்போ இதுவரை யாருடையது?

அதில் ஒரு ஹொக்கி ஆப்.
நான் கேட்கவில்லை. அழிக்கவும் முடியாது.
அழுத்திப் பிடித்தால்
'முடக்கு' என்ற சொல்கூட சாம்பல் நிறம்.
வீட்டை வாங்கின பிறகும்
பழைய சொந்தக்காரனின் சோபா நடு ஹோலில்,
தொடக்கூடாது என்ற கடிதத்தோடு.

இரண்டு கிழமை யோசித்தேன்,
முக்கால்வாசி சிவப்பு விளக்குகளில்.
வாரண்டி முடிந்து எட்டு மாதம், அது கணக்கில்லை.
வங்கி ஆப் திறக்காதாம்,
நம்பகமற்ற கருவி என்று சொல்லுமாம்.
வாடகைக்கு வீடு கேட்டுப் போன காலத்தில்
எனக்கும் அதையே சொன்னார்கள்,
கொஞ்சம் மரியாதையாக: கிரெடிட் வரலாறு இல்லை.
தப்பான கோப்பை ஏற்றினால் போன் செங்கல்.
சரி, செங்கல்லென்றால்
கதவுக்கு முண்டு கொடுக்கலாம்.

சனி இரவு, நிலக்கீழ் அறை.
அவனுடைய பழைய லாப்டொப்.
என்னிடமிருந்த மூன்று வயரும்
மின்சாரம் மட்டும் கடத்துகிறவை,
நான்காவதை வோல்மார்ட்டில் வாங்கினேன்.
மாடல் எண்ணை மூன்று தரம் சரிபார்த்தேன்,
கடைசி எழுத்து மாறினால் வேறு நாட்டுப் போன்.
பில்ட் எண்ணை ஏழு தரம் தட்டினேன்.
'நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்' என்றது.
ஏழே தட்டு!
பஸ் லைசன்ஸுக்கு எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது.

பிறகு திரை கறுத்தது.
எல்லாம் அழியும். உறுதியா?
சத்தம் கூட்டும் பொத்தான் ஆம்.
குறைக்கும் பொத்தான் இல்லை.

குறைத்தேன்.

படங்களை முன்பே மாற்றியாயிற்று, நம்பர்களையும்.
வேறென்ன என்று செட்டிங்ஸைத் துழாவினேன்.
சேமித்த வைஃபை, நாற்பத்தொரு பெயர்.
போன் மாற மாற என்னோடு கூடவே வந்தவை.

பேஸ்மென்ட் கெஸ்ட்:
முதல் குளிர்காலம். ஒவ்வொரு ஒன்றாம் திகதியும்
கடவுச்சொல் மாறும்,
வாடகை கைமாறின பிறகு
துண்டில் எழுதித் தருவார் வீட்டுக்காரர்.
கில் ஃபாமிலி:
மேல்மாடிப் பிள்ளை தரையில் பந்து தட்டிய வருசம்.
ஆஸ்பத்திரி, நான்காம் மாடி, பதினாறு நாள்.
காசு போட்டால் சுழலும் லாண்ட்ரி.
ரொஷானின் வீடு.
ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி:
எல்லைக்கு வெளியே.

மின்சார பில் வந்த உறையின் பின்பக்கம்
பெயர்களை மட்டும் எழுதி வைத்தேன்.
ரொஷானுடையதை எழுதவில்லை.
அதன் கடவுச்சொல்கூட மறக்கவில்லை, பன்னிரண்டு எழுத்து.

ஒன்று இருபதுக்குச் சத்தத்தைக் கூட்டினேன்.

இப்போது ஒவ்வொரு தரம் எழும்பும்போதும்
ஐந்து விநாடி செம்மஞ்சள் எச்சரிக்கை,
இந்தக் கருவியை நம்ப வேண்டாமென்று.
சொல்லிவிட்டு எழும்புகிறது.
ஹொக்கி ஆப் இருந்த இடம் காலி,
அங்கே இன்னும் எதையும் வைக்கவில்லை.
வங்கி சொன்னபடியே மறுத்துவிட்டது,
திங்களன்று வரிசையில் நிற்பேன்.
வெளியே கொண்டுபோனால்
நாற்பது வீதத்தில் இன்னும் செத்துத்தான் போகிறது.
"அது பற்றரி" என்கிறான் சத்தியரூபன்,
இரண்டு கிழமைக்குப் பிறகு!

'வ' என்று தொடங்கினால்
முன்பு 'வாறன்' என்று தானே எடுத்துத் தரும்.
இப்போது 'வணக்கம்' என்கிறது,
நேற்று வந்திறங்கினவர் மாதிரி.
முழுதாய் நானே தட்டி அவனுக்கு அனுப்பினேன்:
ரூட் முடிஞ்சுது, வாறன்.

எந்த ரூட், என்று பதில் வந்தது.